கயலுக்கு, அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஞாயிற்றுக்கிழமை நீ சிரித்துக்கொண்டே சொன்னதை நான் சிரிக்காமல்தான் கேட்டேன். இறங்குவதற்காகப் பவரைக் குறைத்தபோது நீ ஓட்டிய சின்ன விமானம் செஸ்னா 172-ன் இன்ஜின் தடுமாறியது, சூடான காற்று விடும் கார்ப் ஹீட் குமிழை இழுத்ததும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்றாய். புளோரிடா வெயிலில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டருக்குள் ஐஸ்! முப்பது வருஷம் ஸ்கூட்டர் கார்ப்பரேட்டர் கழற்றி மாட்டியவன் நான், முதலில் நம்பவில்லை. அப்புறம்தான் உறைத்தது. கையில் பெட்ரோல் பட்டால் சில்லென்று இருக்குமே, அதே சங்கதிதான். குறுகலான தொண்டையில் காற்று பாய்ந்து பெட்ரோல் ஆவியாகும்போது சூடு 20 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் வெளியே 25 டிகிரி அடித்தாலும் உள்ளே உறையும். ஹீட் கொடுத்தவுடன் உருகிய தண்ணீர் உள்ளே போவதால் இன்ஜின் முன்னைவிட மோசமாக இருமும். பயந்துபோய்க் குமிழைத் திரும்பத் தள்ளிவிடாதே.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது ஐஸ் இல்லை. "ரன்வே கண்ணுக்குத் தெரிஞ்சுதுப்பா, எப்படியும் போய்ச் சேர்ந்துடலாம்னு நினைச்சேன்" என்றாயே, அந்த வார்த்தைதான்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு 2015 மார்ச் 5 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து ரயன் கம்பெனியின் பழைய விமானம் ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் பிறந்த அதே 1942-ல் செய்த விமானம். ஏறத்தாழ 1,100 அடியில் இன்ஜின் பவர் போய்விட்டது. விசாரணையில் தெரிந்த காரணம் எனக்கு நன்றாகப் பழக்கமானது: கார்ப்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட் மரை கழன்று கிடந்தது, பெட்ரோல் அளவுக்கு மீறிப் போனது. அந்தக் கார்ப்பரேட்டரைப் பிரித்துச் சேர்த்து 17 வருஷம் ஆகியிருந்தது. என் பட்டறைக்கு இப்படி எத்தனை வண்டி தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! அவர்கள் தள்ளிக்கொண்டு வர ரோடு இருந்தது.

அவரும் முதலில் ஓடுபாதைக்குத்தான் திரும்பப் பார்த்தார். முடியாது என்று தெரிந்ததும் அந்த ஆசையை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். மர உச்சியில் இடித்து, பலத்த காயத்தோடு தப்பினார். தோள்பட்டை பெல்ட்டை இருக்கையின் முதுகுத் தகட்டில் வலுக்கொடுக்காமல் பூட்டியிருந்தார்களாம், அது பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உன் விமானத்தில் பெல்ட் எதில் பூட்டியிருக்கிறது என்று ஒருமுறை கையால் இழுத்துப் பார். யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நான் விமானத்தில் ஏறியதே இரண்டு முறை, அதுவும் ஜன்னல் ஓரம் கிடைக்கவில்லை. உனக்குப் பாடம் எடுக்க எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்ஜின் நின்ற உன் 172, சரியான வேகத்தில் மிதந்தால் 1,000 அடிக்குச் சுமார் இரண்டரை கிலோமீட்டர் போகும். எதிர்க்காற்று அடித்தாலோ, ஒரு திருப்பம் திருப்பினாலோ அதிலும் குறையும். எட்டாத ஓடுபாதைக்காக மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து, விமானம் கல் மாதிரி விழும். ஆகவே முதலில் மூக்கைத் தாழ்த்தி 65 நாட் வேகத்தை (மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர்) பிடி. அடுத்து எதிரே தெரிகிற வயலோ புல்வெளியோ ஒன்றைத் தேர்ந்துகொள். பெட்ரோல் வால்வு, தீப்பொறி தரும் மேக்னெட்டோ எல்லாம் பார்ப்பது அதற்கப்புறம்தான். மெக்கானிக் நானே இதைச் சொல்கிறேன் என்றால் பார்த்துக்கொள். விமானம் உடைந்தால் உடையட்டும், அது இன்சூரன்ஸ்காரன் தலைவலி.

அம்மாவிடம் "இன்ஜின் சத்தம் கொஞ்சம் மாறியதாம்" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல். சனிக்கிழமை பறந்து இறங்கியதும் ஒரு மிஸ்டு கால் கொடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா