சுவர்ப்படத்தில் உள்ள தவறுகள் குறித்த புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சூரியக் குடும்பச் சுவர்ப்படத்தில் இரண்டு பிழைகள்

ஐயா / அம்மா,

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக உங்கள் சுவர்ப்படத்தை 349 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அச்சும் தாளும் அருமை, அதில் குறையே இல்லை. ஆனால் பூமிக்குக் கீழே உள்ள மஞ்சள் கட்டத்தில், 'பூமியின் உள்வெப்பம் சூரியனிடமிருந்து கிடைக்கிறது' என்று போட்டிருக்கிறீர்கள். மகள் அதையே பரீட்சையில் எழுதி ஒரு மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள்.

வெயிலின் சூடு தரைக்குள் பத்திருபது மீட்டருக்கு மேல் இறங்காது. என் தாத்தா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கீழே போகப் போக வெக்கை ஏறும், பாறையில் கை வைத்தால் சுடும் என்பார். 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் அது. வெயிலா அங்கே போய்ச் சுட்டது? பூமி உருவானபோது பாறைகள் மோதி மோதிச் சேர்ந்ததில் பிறந்த சூடு இன்னும் முழுதாக ஆறவில்லை. அதோடு உள்ளே இருக்கும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கப் பொருள்கள் சிதைந்து புதுச் சூட்டைத் தந்துகொண்டே இருக்கின்றன. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். இப்படிச் சுமார் 47 டெராவாட் (ஒரு டெராவாட் என்பது லட்சம் கோடி வாட்) வெப்பம் தரை வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது.

வியாழனையே பாருங்கள். சூரியனிடம் வாங்குவதைவிட அதிகமான வெப்பத்தை வெளியே விடுகிறது. வரவைவிடச் செலவு அதிகம் என்றால் கையிருப்பு இருக்க வேண்டுமே!

அடுத்த பிழை, வியாழனின் நிலவான அயோ. 'உறைந்துபோன அமைதியான நிலவு' என்கிறது உங்கள் படம். அங்கே எரிமலை வெடிப்பதை வாயேஜர் 1 விண்கலம் படமெடுத்தது 1979 மார்ச்சில். அதற்குச் சில நாட்கள் முன்புதான் மூன்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டு, அயோவின் உட்புறம் உருகியிருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைவில் சுடுமே, அதே சங்கதிதான். வியாழனின் ஈர்ப்பு அந்த நிலவை விடாமல் நெளிக்கிறது.

தொலைபேசியில் சொன்னதற்கு, "சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு போதும் சார்" என்று பதில் வந்தது. சுருக்கமாகச் சொல்லுங்கள், சரி. தப்பாகச் சொல்வதை எப்படி ஏற்பது?

இந்த இரண்டு கட்டங்களுக்கும் திருத்த ஒட்டிகள் அச்சடித்து, வாங்கிய எல்லோருக்கும் இலவசமாக அனுப்புங்கள். முடியாதென்றால் என் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள். பில்லின் நகலை இணைத்திருக்கிறேன். இப்போதைக்கு அந்தக் கட்டங்களின் மேல் மகள் பழைய காலண்டர் தாளை வெட்டி ஒட்டியிருக்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்