கிளிநொச்சி என்று தேடினால் இனி அகப்படும்: ரீச்சருக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

அன்பானவர்களுக்கு வணக்கம்.

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு அந்த மின்னஞ்சல் வந்தது. அட்டவணை மென்பொருளின் தேடல் பிழைக்கு நான் அனுப்பிய திருத்தத்தை ஏற்று அதன் முதன்மை நிரலில் சேர்த்துவிட்டார்கள். அடுத்த வெளியீட்டில் அது இருக்கும். உடனே அம்மாவை எழுப்பிச் சொன்னேன். என்ன விடயமென்று அவருக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனாலும் எழுந்து தேநீர் போட்டுத் தந்தார். விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறப் போட்டால் சொல்ல வேண்டியவை குறைந்துவிடும் என்ற பயத்தில் இப்போதே எழுதுகிறேன்.

இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்த நாளிலிருந்து நடந்தவற்றை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பாடசாலை மண்டபத்தில் நிவாரணப் பட்டியலோடு நான் இருந்த மேசையையும் அதற்கு முன்னால் நீண்ட வரிசையையும் கண்டவர்கள் நீங்கள். "தேடிப் பார்த்தேன், உங்கள் பெயர் இல்லை" என்று முதல் இரண்டு நாட்களும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! பெயர் இருந்தது. கணினிதான் இல்லை என்றது. வன்னியில் ஒருவரைப் பார்த்துப் பட்டியலில் பெயர் இல்லை என்று சொல்வது சின்ன விடயமா? 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நின்று அதே சொல்லைக் கேட்டவர்கள் எங்கள் அம்மாக்கள். அதை என் வாயாலும் அவர்கள் கேட்க நேர்ந்தது. அந்த இரண்டு நாட்களுக்காக உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

என்ன பிழை என்று பலர் கேட்டீர்கள். கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஓர் எண்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யுனிகோட் தரத்தில் 'ொ' என்ற குறியின் எண் 3018. அதையே கொம்பு (ெ) 3014, அரவு (ா) 3006 என்று பிரித்து அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் ஒரே எழுத்தாகத்தான் தெரியும். இரண்டும் சமம் என்று அந்தத் தரமே சொல்கிறது. நாங்கள் பயன்படுத்திய அட்டவணை மென்பொருளின் தேடல் மட்டும் அவற்றை வெவ்வேறாகப் பார்த்தது. ஒரு விதமாக எழுதிய கிளிநொச்சியைத் தேடினால், மற்ற விதமாக எழுதிய கிளிநொச்சி அகப்படாது. 'யோ', 'லோ', 'கோ' என்று தொடங்கும் பெயர்களுக்கும் இதே கதிதான்.

அது திறந்த மூல மென்பொருள். நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். மூன்றாம் நாள் இரவு காரணத்தைக் கண்டுபிடித்தேன். தேடும் சொல்லையும் தேடப்படும் எழுத்தையும் முதலில் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிட வேண்டும். அப்படி எழுதி அனுப்பினேன். மறுநாள், வரும் திருத்தங்களைச் சரிபார்க்கும் மீளாய்வாளரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: இன்றைய விசைப்பலகைகள் எல்லாம் 3018ஐத்தானே தருகின்றன, இரண்டாகப் பிரித்து எழுதுவது யார், உண்மையான ஆவணங்களில் இது எப்படி வருகிறது?

நியாயமான கேள்வி. ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு வரியையும் பிறகு ஆண்டுக்கணக்காகப் பராமரிக்கப் போகிறவர்கள் அவர்கள். ஆனால் என்னிடம் பதில் இல்லை. நான் தமிழ் எழுதப் பழகியதே கைபேசியில்தான். இந்த வெளியீட்டுக்குப் புதிய மாற்றங்களை ஏற்கும் காலம் முடிய நான்கே நாட்கள் இருந்தன.

அந்த மாலையில்தான் ரீச்சர் என் மேசைக்கு வந்தார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தட்டச்சு ரீச்சர் என்றாலே உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பேரனின் கைபேசிக்கு மின்னேற்ற வந்தவர், "ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கிறது?" என்று கேட்டார். ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன், 'நொ'வை யாரோ இரண்டாக உடைத்து எழுதுகிறார்கள், யாரென்று தெரியவில்லை என்று.

"அது நான்தான்," என்றார் ரீச்சர். "நானும் நான் பழக்கிய பிள்ளைகளும்."

பிறகு ஈர மேசையில் விரலை வைத்துத் தட்டிக் காட்டினார். கொம்பு, ந, அரவு. மூன்று தட்டு. தட்டச்சுப் பொறியில் அப்படித்தான். பிறகு கணினியில், யுனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துரு வந்தபோதும் அப்படித்தான். "நொ என்று ஒரு விசையை நான் என் காலத்தில் கண்டதே இல்லை, பிள்ளை." அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் பாமினியில் குவிந்து கிடக்கும் கோப்புகளை இன்று மாற்றிகளில் போட்டு யுனிகோடாக்குகிறார்கள். எங்கள் பட்டியலும் அப்படித்தான் வந்திருந்தது. அதை உருவாக்கிய மாற்றி, கொம்பை எழுத்துக்குப் பின்னால் நகர்த்திவிட்டு நின்றுவிட்டது. கொம்பையும் அரவையும் சேர்த்து ஒன்றாக்கவில்லை. நான் நாலு நாளாகத் தேடிய விடை ஈர மேசையில் மூன்று தட்டில் கிடைத்தது.

அதோடு விட்டிருந்தாலும் இந்த மடலை எழுதியிருப்பேன். மறுநாள் காலையில் வந்து, நாட்காட்டியில் கிழித்த நான்கு தாள்களை என் கையில் தந்தார். பின்பக்கம் முழுவதும் எங்கள் ஊர்கள். கிளிநொச்சி, கொக்காவில், கோணாவில், பொன்னகர், தொண்டமான்நகர், கோரக்கன்கட்டு, கொக்குத்தொடுவாய், கொக்குளாய், கொல்லவிளாங்குளம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் எந்த விசை முதலில், எது அடுத்து என்று சிவப்புப் பேனாவால் இலக்கமிட்டிருந்தார். எழுத்துகள் மிகப் பெரியவை. ஏனென்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவருடைய கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டது என்றும், இரவு முழுவதும் பேரன் வெளிச்சம் பிடிக்க வாங்கில் குனிந்திருந்து எழுதினார் என்றும் பிறகு அந்தப் பேரன்தான் சொன்னான். அந்த மண்டபத்தில் அன்றிரவு யாருக்குத்தான் மனம் நிலையாக இருந்தது? அவருடைய வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்படியிருந்தும் இதை எதற்கு எழுதுகிறேன் என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கொம்பும் அரவும் பிரிந்து கிடப்பதால் ஒருவருக்குப் பெயர் இல்லாமல் போகிறது என்பது அவருக்குப் போதுமாக இருந்தது.

அந்த ஊர்களையே சோதனைத் தரவாக்கினேன். அவர் சொன்ன விளக்கத்தைத் திருத்தத்தின் குறிப்பில் எழுதினேன். மூன்று மணி நேரத்தில் மீளாய்வாளர் ஒப்புக்கொண்டார். அதே ஊர்கள்தான் என் நிரலிலிருந்த இன்னொரு பிழையையும் பிடித்தன: இரண்டு எண் ஒன்றாகும்போது சொல்லின் நீளம் குறைகிறது, அதனால் கண்டுபிடித்த இடத்தைக் காட்டும் நிறப்பட்டை ஓரிடம் தள்ளி விழுந்தது. அதையும் சரிசெய்து அனுப்பினேன்.

மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். மின்பிறப்பாக்கியை இரவிலும் ஓடவிட்ட பரந்தன் அரிசி ஆலை அண்ணா. கணினி என் கையிலிருந்த நேரமெல்லாம் என் மேசையைப் பார்த்துக்கொண்டு, பட்டியலை வரிவரியாகக் கண்ணால் தேடிய உயர்தர வகுப்புத் தங்கைகள் இருவர். குளக்கட்டில் அலைவரிசை கிடைக்கும் இடத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போன தம்பி. கேட்காமலே என் கைபேசிக்கு ரீலோட் போட்ட வெளிநாட்டு மச்சாள். உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் வந்து சொல்வேன்.

முகம் தெரியாத அந்த மீளாய்வாளருக்கும். மின்சாரம் இல்லாமல் நான் ஒன்றரை நாள் காணாமல்போன வேளையில், முதன்மை நிரல் நகர்ந்துவிட்டதால் என் திருத்தம் பொருந்தாமல் போயிருந்தது. அதை அவரே பொருத்தினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலுக்காக எழுதிய, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவி ஒவ்வொரு மாற்றத்தோடும் இரண்டு பெயர்களை வைத்திருக்கும்: எழுதியவர் ஒருவர், சேர்த்தவர் ஒருவர். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயரை மீளாய்வாளர் அப்படியே விட்டிருந்தார். ரீச்சரின் பெயரையும் நன்றிக் குறிப்பாகப் போடலாமா என்று ரீச்சரிடமே கேட்டேன். "ஊர்ப் பெயர்கள் இருக்கின்றனவே, அது போதும்," என்றுவிட்டார்.

இனி நான் செய்யப்போவது இரண்டு. 'கௌ' எழுத வேண்டிய இடத்தில் கொம்பும் 'ள'வும் போட்டு எழுதிய கோப்புகள் ஏராளம். அவை சமம் என்று தரம் சொல்லவில்லை. ஆகவே அது இதைவிடக் கடினம். அதைத் தொடங்குகிறேன். தை பிறந்ததும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு விறாந்தையில், நிரலைத் திருத்தி அனுப்புவது எப்படி என்று விரும்பும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். முதல் பாடத்துக்கு ரீச்சர் வர வேண்டும்.

ரீச்சர், புதிய கண்ணாடி எடுக்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். உங்கள் நாட்காட்டித் தாள்கள் நான்கும் என்னிடம்தான் இருக்கின்றன, நனையாமல்.