ஞாயிறு நடுகல் படப்பதிவு

வணக்கம். நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களை, முப்பரிமாண உருவமாக்கப் படமெடுக்க ஞாயிறு காலை 5.30 மணிக்குத் தருமபுரி பஸ் நிலையத்தில் கூடுகிறோம். வெயில் ஏறிவிட்டால் கல்லில் உள்ள பல்லவர் கால வட்டெழுத்து (தமிழின் பழைய எழுத்து வடிவம்) கண்ணுக்குப் பிடிபடாது. சாய்ந்து விழும் காலை ஒளியில்தான் எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும்.

கல்லைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தோடு முக்கால் பங்கு ஒன்றிப்போகும்படி எடுங்கள். இல்லையென்றால் மென்பொருளால் முப்பரிமாண உருவத்தை இணைக்க முடியாது. ஃபிளாஷ், ஜூம் இரண்டும் வேண்டாம். கல்லருகே அளவுகோல் ஒன்று இருக்கட்டும்.

சென்ற முறை ஒருவர் எழுத்துகளில் சுண்ணப்பொடியைத் தேய்த்துவிட்டார். வீரனின் வாள்முனையைத் துடைக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. எனக்கு இன்னும் ஆறவில்லை. பூசை நடக்கும் கல்லென்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டபிறகே கேமராவை எடுப்போம்.

படங்களைக் குழுவில் போடாதீர்கள், தரம் குறைந்துவிடும். மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் கொடுங்கள்.