தேர்வடமும் உராய்வில்லாத் தளமும்

திருநெல்வேலி டவுன்

அன்புள்ள மக்கா,

கடிதம் கிடைத்தது. மதினிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கும் நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அடுப்படிப் பக்கம் போகவிடாதே. இங்கே எல்லாரும் சுகம். மேற்கே மேகம் இறங்கிவிட்டது, சாயங்காலமானால் டவுன் வரைக்கும் சாரல் காற்று வருகிறது.

உன் பேத்தி கேட்டதாக எழுதியிருந்தாயே, அதுதான் மனசிலேயே நிற்கிறது. இயற்பியல் பாடத்தில் கணக்குக்குக் கணக்கு 'உராய்வைப் புறக்கணிக்க' என்று வருகிறதே, இல்லாத உலகத்தை எதற்குப் படிக்கணும் என்று கேட்டாளாமே. வகுப்பில் இப்படிக் கேட்க ஒரு பிள்ளை வராதா என்று நான் ஏங்கியதுண்டு.

அவளை நெல்லையப்பர் தேரை வைத்து ஒரு கணக்குப் போடச் சொல்லு. தேர் 450 டன் என்று ஊரில் சொல்வார்கள். உராய்வே இல்லையென்றால், ஒரே ஆள் 300 நியூட்டன் விசையில் இழுத்தால் போதும். முடுக்கம் மிகச் சிறிசுதான், ஆனால் பத்து நிமிஷத்தில் தேர் சுமார் 120 மீட்டர் போயிருக்கும். நியூட்டன் விதிப்படி இதில் ஒரு பிசகும் இல்லை.

இப்போது அந்த ஆளின் காலைப் பார்க்கச் சொல்லு. ரோட்டில் உராய்வு இல்லையென்றால் அவன் எதில் கால் ஊன்றுவான்? வடத்தை இழுத்த மாத்திரத்தில் அவன்தான் தேரை நோக்கிச் சறுக்கிப் போவான். ஆக, புத்தகம் சக்கரத்தடியில் உராய்வை எடுத்துவிட்டு, காலடியில் மட்டும் சத்தமில்லாமல் வைத்துக்கொள்கிறது. இந்த இடத்தைத்தான் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். எதை விட்டோம், எதை வைத்தோம் என்று தெரியாமல் போட்ட கணக்கு வெறும் எண்தான்.

நிஜத் தேர் முதலில் அசையவே அசையாது. நின்ற இடத்தில் சக்கரம் அழுந்திக் கிடக்கும், அச்சு பிடித்திருக்கும். பின்னால் தடி போட்டு நெம்ப வேண்டும், முன்னால் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அசைந்துவிட்டால் அவ்வளவு பாடு இல்லை. மரத்தோடு மரம் எவ்வளவு நேரம் பொருந்திக் கிடக்கிறதோ, அதற்கேற்பக் கிளப்பத் தேவையான விசையும் கூடுகிறது என்று கூலும் (Coulomb) என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1785-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்தே காட்டியிருக்கிறார்.

ரதவீதி முக்கில் திருப்புவதைப் பார்த்திருக்கிறாய்தானே? தேர்ச் சக்கரம் கார்ச் சக்கரம் மாதிரி திரும்பாது. சறுக்குக்கட்டை போடுகிறவர் குனிந்து, உருண்டு வரும் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் சரித்துக் கொடுப்பார். சக்கரம் அதில் ஏறி, உரசி, கிறீச்சிட்டு ஒரு பக்கமாக வழுக்கும். ஒரு சாண் திரும்பும், அடுத்த கட்டை விழும். தடுப்பதும் உராய்வுதான், திருப்புவதும் உராய்வுதான். அந்த மனிதரின் கைக்கணக்கு எந்தப் பாடநூலிலும் இல்லை, எனக்கு அதில் பெரிய மரியாதை.

அதற்காக ஏட்டுக் கணக்கைத் தள்ளிவிடாதே. எல்லாப் பொருளும் வெற்றிடத்தில் ஒன்றுபோல் விழும் என்று கலிலியோ 1638-இல் எழுதியதை, 1971-இல் அப்போலோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் நிலாவில் சுத்தியலையும் இறகையும் போட்டுக் காட்டினார். காற்றுத் தடையைப் பற்றியும் கலிலியோ அதே நூலில் பேசியிருக்கிறார். தடையில்லாத வேகம் தெரிந்தால்தானே தடை எவ்வளவு என்று சொல்ல முடியும்? இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் மழைத்துளி, காற்று இல்லையென்றால் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் மண்டையில் இறங்கும். நிஜத்தில் பெரிய துளியே ஒன்பது மீட்டரைத் தாண்டுவது அரிது. குற்றாலச் சாரல் அதைவிட மெதுவு.

ஆனித் திருவிழாவுக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வா. வடம் பிடிக்கட்டும், முக்கில் தள்ளி நின்று கட்டை போடுவதையும் பார்க்கட்டும். அவளுடைய இயற்பியல் புத்தகத்தையும் எடுத்துவரச் சொல்லு, இப்போது உராய்வுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பார்க்கணும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி