கோரைக்கிழங்கும் சர்க்கரைப் பொங்கலும்

கோரையாற்றங்கரை, நீடாமங்கலம் பக்கம்
2025 ஜூலை

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று ராத்திரி போனில் நீ ஒரு மணி நேரம் பெருங்குடல் புற்றைப் பற்றிய உன் ஆராய்ச்சியைச் சொன்னாய் அல்லவா, போனை வைத்ததுமே அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். முப்பது வருஷம் தாவரவியல் வாத்தியாராக இருந்த பழக்கம். எழுதி முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. உன்னிடம் போனில் சொல்ல முடியாத விஷயம் இரண்டு இருக்கிறது.

முதலில் நீ சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்ததா என்று பார். குடலின் உள்தோல் நாலைந்து நாளுக்கு ஒருமுறை புதுசாகிறது. சின்னச் சின்னக் குழிகளின் அடியில் இருக்கும் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்) ஓயாமல் பிளந்து அதைத் தருகின்றன. வாழையில் கீழ் இலை சாயச் சாயக் குருத்து விரிகிற மாதிரி. 2007-ல் நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் எல்ஜிஆர்5 என்ற புரதத்தை அடையாளமாக வைத்து அந்த அணுக்களைக் காட்டினார்கள். அதே வருஷம், பெருங்குடல் புற்றுக் கட்டிக்குள்ளும் இப்படி ஒரு சிறு கூட்டம் இருப்பதை ரோமிலும் டொராண்டோவிலும் இரண்டு குழுக்கள் கண்டார்கள். அவற்றைப் பிரித்து எலிக்குள் வைத்தால் கட்டி மறுபடி வளர்கிறது.

அப்புறம் தீனி. நல்ல பெருங்குடல் அணுவுக்கு முக்கியமான சாப்பாடு பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம். நாம் தின்கிற நார்ச்சத்தைக் குடலில் இருக்கும் கிருமிகள் புளிக்க வைத்து அதைக் கொடுக்கின்றன. புற்றணு அதை விட்டுச் சர்க்கரைக்கு மாறுகிறது. அதுவும் முழுசாக எரிப்பதில்லை. மூச்சுக்காற்று தாராளமாக இருக்கும்போதே பாதியில் நிறுத்தி லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுகிறது. ஜெர்மனியில் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே இதைப் பார்த்திருக்கிறார். நம் வீட்டு நீராகாரத்தைப் புளிக்க வைப்பதும் அதே அமிலம்தான். ஒரு குளுக்கோஸை அணுவின் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவில் முழுக்க எரித்தால், அணு செலவழிக்கிற சக்திக் காசான ஏடிபி ஏறக்குறைய 30 வரும், இந்த வழியில் 2 தான். ஆனாலும் வேகம் அதிகம், புது அணு கட்டச் சாமானும் கிடைக்கிறது.

புற்றுக் கட்டிக்குள் இருக்கும் குருத்தணு இதிலும் வேறு மாதிரி என்று சொன்னாய். சர்க்கரை கிடைத்தால் சர்க்கரை. இல்லாவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவை ஓட்டும், கொழுப்பை எரிக்கும், பக்கத்து அணு தள்ளிய லாக்டிக் அமிலத்தையே எடுத்துத் தின்னும். ஒன்றும் சரிவராவிட்டால் பிளப்பதை நிறுத்திவிட்டுப் படுத்துக்கொள்ளும். கீமோவில் ஏற்றுகிற 5-எஃப்யூ என்ற மருந்து, பிளந்துகொண்டிருக்கும் அணுவைத்தான் நன்றாக அடிக்கும். படுத்திருப்பது தப்பிவிடும்.

இதைக் கேட்டபோது எனக்குக் கொல்லை வயல்தான் நினைவுக்கு வந்தது. இந்த வருஷம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே குறுவைக்கு நேரடி விதைப்பு போட்டுவிட்டேன். முளைத்ததும் கோரை மண்டிவிட்டது. ஆள் வைத்துப் பறித்தோம். பார்க்க வயல் சுத்தமாக இருந்தது. பத்து நாளில் அதே இடத்தில் அதே பச்சை. மேலே தாள் வெயிலில் பிழைக்கிறது, கிழங்கோ மண்ணுக்குள் சேர்த்து வைத்த மாவில் பிழைக்கிறது. கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தாலும் சாகாது. சரி, கிழங்கை மட்டும் தோண்டி எடுத்தால்? விட்டுப்போன ஒரு தளிர் சில வாரத்தில் புதுக் கிழங்கு வைத்துவிடும். எலியில் 2017-ல் செய்த சோதனையைச் சொன்னாயே, எல்ஜிஆர்5 அணுக்களை மட்டும் அழித்தார்கள், கட்டி வளராமல் நின்றது, அழிப்பதை நிறுத்தியதும் மற்ற அணுக்களே குருத்தணுவாக மாறிக் கட்டி திரும்ப வளர்ந்தது என்று. அதைக் கேட்டதும் நான் போனில் பேசாமல் இருந்தேன். லைன் போய்விட்டதோ என்று நீ கேட்டாய். லைன் போகவில்லை.

அம்மாவுக்குப் பெருங்குடல் புற்று என்று 2013 ஆவணியில் கண்டுபிடித்தார்கள். அவளுக்கு 47 வயது. அதற்கு முன்னால் ஒன்பது மாதம், ரத்தம் போகிறது என்று அவள் சொன்னபோதெல்லாம் மூலம் என்று ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்தார், நானும் நம்பினேன். ஆபரேஷன், பிறகு பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கீமோ. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய நாட்களில் பானைத் தண்ணீரைத் தொட்டாலே அவள் விரல் ஷாக் அடித்த மாதிரி இழுக்கும். அந்த மார்கழி முழுக்க வாசல் தெளிக்க நான்தான் வெந்நீர் போட்டுக் கொடுத்தேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்கள். பதினாலு மாதம் கழித்துக் கல்லீரலில் வந்தது.

அப்போது எடுத்த பெட் ஸ்கேன் உனக்கு நினைவிருக்கும். கதிர்வீச்சு ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு, அதை எந்த இடம் இழுக்கிறது என்று பார்ப்பார்கள். கல்லீரலில் மூன்று இடம் விளக்கு மாதிரி எரிந்தது. அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பேச்சு: சர்க்கரையை நிறுத்து, சோற்றை நிறுத்து, புற்று பட்டினி கிடந்து செத்துவிடும். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நிறுத்தினேன். 2016 பொங்கலன்று புதுப்பானை பொங்கியபோது அவள் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் கேட்டாள். கொடுக்கவில்லை. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி, கொள்ளுக் கஞ்சியை எடுத்து வைத்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை. மாசியில் போய்விட்டாள்.

நேற்று நீ வேறு ஏதோ சொல்லும்போது போகிற போக்கில் சொன்னாய்: நாம் சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் ரத்தத்துக்குச் சர்க்கரை செய்து கொடுத்துக்கொண்டே இருக்கும், அந்த அணுக்களும் தீனியை மாற்றிக்கொள்ளும், உடம்பு இளைத்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம் என்று. ஒன்பது வருஷமாக அந்தக் கரண்டி என் கையில்தான் இருக்கிறது, கயல். உனக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். சொல்லாமல் வைத்திருக்க இனி முடியவில்லை.

இரண்டாவது விஷயம் உன்னைப் பற்றி. இந்த ஆவணியில் உனக்கு 37 முடிகிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ வந்திருந்தால் பிள்ளைகள் 40 வயதில் கொலோனோஸ்கோபி, அதாவது குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும், அல்லது அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பு, இரண்டில் எது முந்தியோ அப்போது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதான். 47-ல் பத்து போனால் 37. கேட்டால், லேபில் வேலை இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை என்கிறாய். அம்மாவும் அதைத்தான் சொன்னாள்.

நான் போன மாதம் தஞ்சாவூரில் செய்துகொண்டேன். உன்னிடம் சொல்லவில்லை. முதல் நாள் அந்த மருந்துத் தண்ணீரைக் குடித்துக் குடலைக் கழுவுவதுதான் சிரமம். மற்றது அரை மணி நேரம், தூக்கத்திலேயே போய்விட்டது. குடல் சுவரில் இரண்டு சின்ன பாலிப், அதாவது முளை மாதிரி, இருந்தன. அங்கேயே எடுத்துவிட்டார்கள். பயாப்சியில் அடினோமா என்று வந்தது, பின்னால் புற்றாக மாறக்கூடிய வகை, இப்போது புற்று இல்லை. பயப்படாதே. அப்படி ஒரு பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும் என்று டாக்டர் சொன்னார். நீ தேடுகிற அந்த அணுக்கள் தீனி மாற்றப் பழகுவதற்கு முன்னால் அத்தனை வருஷம் நம் கையில் இருக்கிறது. அம்மாவுக்கு வந்ததோடு எனக்கு இருந்த பாலிப்பையும் உன் டாக்டரிடம் சொல். தம்பியிடமும் சொல்லிவிட்டேன், அவனுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. அம்மாவுக்குச் சின்ன வயசில் வந்ததால் பரம்பரைக் கோளாறு ஏதும் உண்டா என்ற ஜீன் பரிசோதனையையும் அங்கே கேள். இங்கே அப்போது யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை.

கோரையாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது. ஆடிப்பெருக்குக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் டாக்டரிடம் தேதி வாங்கி, அந்தச் சீட்டைப் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

உன் அப்பா