ஆரோனும் ஊரும்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளுக்கு, ஸ்தோத்திரம்.

மூன்று மாத ஓய்வு முடிந்து நம் போதகர் வரும் ஞாயிறு மீண்டும் பிரசங்க பீடத்தில் நிற்கப் போகிறார். இந்த மூன்று மாதமும் சபையைத் தாங்கியவர்களுக்கு நன்றி சொல்லும் வேலையைக் கமிட்டி என்னிடம் தந்தது. எழுந்து நின்று பேசினால் பாதியில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுதிவிடுகிறேன். போதகரைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர் அனுமதியோடுதான்.

சிறுவயதில் ஞாயிறு பள்ளியில் யாத்திராகமம் 17ஆம் அதிகாரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. இஸ்ரவேல் ஜெயிக்க உயர்த்திப் பிடித்த மோசேயின் கைகள் அசந்துபோகின்றன. ‘ஆரோனும் ஊரும்’ அவற்றைத் தாங்குகிறார்கள். ஊர் என்பது ஒரு மனிதரின் பெயர் என்று எனக்குத் தெரியாது. ஊரே திரண்டு மலையேறி, அந்தப் பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டது என்றே நினைத்திருந்தேன். அப்படியும் நடக்கும் என்று இப்போது பார்த்துவிட்டேன்.

முதல் நன்றி, என்னை இந்தச் சபையில் நிலைக்கவைத்த மூத்த சகோதரருக்கு. முன்பு நான் இருந்த இடத்தில் காணிக்கைக் கணக்கைக் கேட்டதற்கு, “அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே” என்று வாயை அடைத்தார்கள். போதகர்கள் என்றாலே கசப்போடுதான் இங்கே வந்தேன். அவர் 1 சாமுவேல் 24ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். தன்னைக் கொல்லத் தேடிய, அபிஷேகம் பெற்ற ராஜாவான சவுலின்மேல் குகையில் கைபோடாத தாவீது, வெளியே வந்து பேசாமல் போய்விடவில்லை. அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் காட்டி, நீர் யாரைப் பின்தொடருகிறீர் என்று உரக்கக் கேட்டான். “தொடவில்லை, ஆனால் கேட்டான். இரண்டும் ஒரே அதிகாரத்தில்தான் இருக்கிறது” என்றார். போதகரின் குரல் வளத்தை விட்டுவிட்டு, கேள்வி கேட்டபின் அவர் முகத்தைப் பார் என்று சொல்லித் தந்தவரும் அவரே.

நான் சோதித்துப் பார்த்தேன். போதகர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்; பொருளாளரை அழைத்துக் கணக்குப் புத்தகத்தை என் மடியில் வைக்கச் சொன்னார். 2 கொரிந்தியர் 8இல் பவுல் தர்மப்பணத்தோடு வேறு சகோதரர்களையும் அனுப்புவதைச் சொல்லி, “பவுலே சாட்சிக்கு ஆள் வைத்துக்கொண்டார், எனக்கு மட்டும் வேண்டாமா?” என்று சிரித்தார்.

அப்படிப்பட்டவர் சோர்ந்துபோனதைக் கமிட்டிக்காரர்களான நாங்கள் கவனிக்கவில்லை. வெட்கம்தான். ஆலயத்தைப் பெருக்கும் அம்மாதான் கவனித்தார்: “ஆராதனை முடிந்ததும் ஐயா விளக்கை அணைத்துவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கிறார். ஜெபிக்கிறவர் மாதிரித் தெரியவில்லை.” அம்மா, அந்த ஒரு பேச்சுக்காக உங்களுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். ஜெபித்தால் போதாதா, ஓய்வு எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. சூரைச்செடியின்கீழ் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லையே; சுட்ட அடையும் தண்ணீரும் தந்தான், மறுபடி தூங்கவும் விட்டான்.

வீடு சந்திப்பை ஏற்றுக்கொண்ட ஒன்பது பேருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். போதகர் தன் குறிப்பேட்டை உடனே தந்துவிடவில்லை. வீட்டாரிடம் சம்மதம் கேட்டார். நான்கு பக்கங்களைக் கிழித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மீதியில் 37 வீடுகள் இருந்தன. “இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்காரவும்.” “மகன் பேச்சை நாம் எடுக்க வேண்டாம். அவர்களே எடுத்தால் அவசரப்படாமல் கேட்கவும்.” “வேதம் வாசிக்கும்போது தூங்கிவிடுவார். தூங்கட்டும், வாசித்து முடிக்கவும்.” என் பெயரும் இருந்தது: “கேள்வி கேட்பார். பதில் சொல்லாமல் வரக்கூடாது.” அந்தப் பக்கத்தில் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

காலைமுதல் மாலைவரை ஒருவராகவே விசாரித்தால் நீரும் ஜனங்களும் தளர்ந்துபோவீர்கள் என்று மாமனார் எத்திரோ மோசேயிடம் சொல்லி, பத்துப் பேருக்கு ஒரு தலைவர் வரை வைக்கச் சொன்னார். நம்மிடம் ஆள் இல்லை என்றே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தோம். உண்மையில் யாரையும் கேட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் செய்தி கொடுத்த மூப்பர்கள், பாடகர் குழு, மருத்துவமனைக்கு வண்டி ஓட்டிய தம்பி, பெயர் எழுதாமல் உறை போட்டவர்கள், எல்லாருக்கும் நன்றி. விவாகரத்தானவர்களைப் பற்றிப் போதகர் பிரசங்கத்தில் சொன்ன ஒரு வாக்கியம் புண்படுத்தியது என்று, வெளியே பேசித் திரியாமல் அவரிடமே போய்ச் சொன்ன தங்கைக்கும் நன்றி. அடுத்த ஞாயிறு அவர் அதை எல்லார் முன்னிலும் திருத்திக்கொண்டதை நாம் கேட்டோம்.

போதகரின் மனைவியிடம் மட்டும் நன்றிக்கு முன் மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை வருடமாக அவர்கள் சாப்பிடும் நேரம் பார்த்துத் தொலைபேசியில் அழைத்தவர்களில் நானும் ஒருவன்.

ஒன்பது பேரும் அந்த வீடுகளுக்குத் தொடர்ந்து போவார்கள். திங்கட்கிழமை போதகருக்கு ஓய்வு நாள். அன்று அவசரமென்றால் என்னை அழையுங்கள். என்னால் முடியாது என்றால் மட்டும் நானே அவரை எழுப்புகிறேன்.

உங்கள் சகோதரன்,
சபைச் செயலாளர்