வனப்பொருள் சேகரிப்போர் சங்கம், கோத்தகிரி வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. குடியரசு நாளில் கொடியேற்றினோம். சீயக்காய், பூந்திக்கொட்டை விற்பனை வழக்கம்போல் நடந்தது.

தேனைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். தேனீக்கள் அடையை மெழுகால் மூடிய பிறகு, புழு அடையை விட்டுவிட்டுத் தேன் பகுதியை மட்டும் வெட்டுவதே நம் பெரியவர்கள் கைக்கொண்ட முறை. அப்படி எடுத்த பாறைத்தேன் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஆனால் 2019 ஆகஸ்டில் நம் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதற்குப் பிறகு, பழைய கணக்கை நம்பித் தேன் எடுக்க நாள் குறிக்க எனக்குத் துணிவில்லை. சித்திரை, வைகாசியில் மழை முந்திவிடுமோ என்று அஞ்சி மூடாத அடையை வெட்டுகிறோம். அந்தத் தேனில் நீர் மிகுதி என்பதால் புளித்துவிடுகிறது. அப்படி வந்த ஒரு டின்னின் மூடி உப்பியிருந்ததையும், திறந்ததும் நுரைத்துக் கள் வாடை அடித்ததையும் செயற்குழு நேரில் பார்த்தது.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதனால்தான் ஈரப்பதம் பார்க்கும் கருவியை வாங்கினேன். வீண்செலவு என்று சொன்னவர்கள் உண்டு. ஒரு சொட்டுத் தேனைக் கருவியின் கண்ணாடியில் தடவி வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு நிமிடத்தில் அளவு தெரிந்துவிடும். அப்படிப் பார்த்து வாங்கிய டின் ஒன்றுகூட இதுவரை புளிக்கவில்லை.

இதைப் பழக்க ஒதுக்கிய மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் பத்துப் பேர்கூட வரவில்லை. பாதிக்கும் மேற்பட்டோரின் சந்தா பாக்கி நிற்கிறது. அவர்களில் சிலர் வெளி வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, மூடாத அடையை இரவோடு இரவாகக் கொடுத்துவிட்டதை வேதனையோடு பதிவு செய்கிறேன். சிறு வனப்பொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நமக்கு அளித்த உரிமையை முன்பணத்துக்கு அடகு வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வரவைவிடச் செலவு சற்றுக் கூடுதல். மேற்சொன்ன கருவியே முக்கியக் காரணம். விவரங்களைப் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு இடம் தந்த ஊர்ப் பெரியவர்களுக்கும், கணக்கெழுத உதவிய இளைஞர்களுக்கும் நன்றி.

தை மாதத்திலும் எதிர்பாராமல் தூறுவதால், தார்ப்பாய்க்கு அடியில் மூடி வைத்த கடுக்காய் பூஞ்சை பிடித்துப் போகிறது. வரும் ஆண்டில் கூரையுள்ள உலர்களம் ஒன்று கட்டியாக வேண்டும். நிலுவைச் சந்தா முழுவதும் வந்தாலே கூரைத் தகடுகளை வாங்கிவிடலாம். பாக்கிப் பட்டியலை இங்கே வாசிக்க எனக்கு மனமில்லை. கூட்டம் முடியும்வரை பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே அமர்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்